கையில் 2,000 டாலர்: போக்கர் போட்டிகளுக்கு அதை எந்தக் கணக்கில் வைத்து ஆடுவது?

கிடங்கில் என்னோடு இரவு ஷிப்ட் பார்க்கும் தம்பி ஒருவன் போன மாதம் டீ குடிக்கும்போது கேட்டான்: “அண்ணே, ரெண்டாயிரம் டாலர் தனியா எடுத்து வெச்சிருக்கேன். ஞாயித்துக்கெழமை நடக்கிற அம்பத்தஞ்சு டாலர் போட்டி ஆடலாமா?” ஆடு, ஆடாதே என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் இதே கேள்விக்கு ஒரு காலத்தில் தப்பான பதிலை எடுத்து நல்ல காசை இழந்தவன் நான், அதனால் அவனை உட்கார வைத்து ஒவ்வொரு வழியாகப் பேசினேன். அன்று பேசியதையும் பேச விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இது டோர்னமென்ட் ஆடுகிறவர்களுக்கு மட்டும். கேஷ் கேம் கணக்கு வேறு. அங்கே எப்போது வேண்டுமானாலும் சிப்பைக் காசாக்கிக்கொண்டு எழுந்து போகலாம், இங்கே உள்ளே போனால் கடைசிச் சிப் வரை போக வேண்டும்.

நாங்கள் இருப்பது டொராண்டோ பக்கம். 2022 ஏப்ரலில் ஒன்டாரியோ மாகாணம் இணையச் சூதாட்டச் சந்தையை முறைப்படுத்தித் திறந்தது, அதில் உரிமம் பெற்ற தளங்களில்தான் ஆடுகிறோம். தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது, போக்கரும் அதில் அடக்கம். இதைப் படித்துவிட்டு அங்கே சுற்றுவழி தேட வேண்டாம்.

முதலில் நான் அவனிடம் கேட்டது போட்டியைப் பற்றியே இல்லை. “இந்த ரெண்டாயிரமும் சுத்தமாப் போயிட்டா அடுத்த மாசம் உன் வீட்டுல என்ன மாறும்?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒன்றும் மாறாது, வாடகை, கார் தவணை, அம்மாவுக்கு அனுப்புவது எல்லாம் வேறு கணக்கில் இருக்கிறது என்றான். அப்படியென்றால்தான் அதற்கு பேங்க்ரோல் என்று பெயர். கிரெடிட் கார்டில் எடுத்தது, தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்தது, அடுத்த மாதச் சம்பளத்தை நம்பி வைத்தது எதுவும் பேங்க்ரோல் ஆகாது. அந்தக் காசை வைத்து நான் கீழே சொல்லும் எந்த வழியும் வேலை செய்யாது, ஏனென்றால் எல்லா வழிகளும் நஷ்டம் வரும் காலத்தைத் தாண்டுவதற்காக உண்டானவை, கடன் காசுக்கு அந்தக் காலத்தைத் தாண்டும் பொறுமை கிடையாது.

இரண்டாவது கேள்வி: எத்தனை பேர் ஆடும் போட்டி? இதைத்தான் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. ஐம்பது பை-இன் (பை-இன் என்பது ஒரு போட்டிக்குள் நுழையக் கட்டும் கட்டணம்) வேண்டும், நூறு பை-இன் வேண்டும் என்று எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். ஆயிரம் பேர் ஆடும் போட்டியில் சராசரி ஆள் ஆயிரத்தில் ஒரு முறை ஜெயிப்பார். நீங்கள் அவரைவிட இரண்டு மடங்கு கெட்டிக்காரர் என்று வைத்துக்கொள்வோம், ஐந்நூற்றில் ஒன்று. வருடத்துக்கு 200 போட்டி ஆடினால் ஒன்றிலாவது முதலிடம் வர சுமார் 33 சதவீத வாய்ப்புதான். அதாவது மூன்று வருடத்தில் இரண்டு வருடம் முதலிடம் இல்லாமலேயே போகும், அதுவும் இரண்டு மடங்கு நன்றாக ஆடிக்கொண்டே. இதே ஐம்பது பேர் ஆடும் போட்டியில் உங்கள் வாய்ப்பு முப்பதில் ஒன்று என்றால், அதே 200 போட்டியில் ஆறேழு முறை ஜெயிப்பீர்கள். பரிசுப் பணத்தின் கனமான பகுதி முதல் மூன்று இடங்களில் கிடக்கிறது. பணம் கிடைக்கும் கடைசி இடம் கட்டியதைப்போல ஒன்றரை, இரண்டு மடங்குதான் கொடுக்கும், அது பத்து தோல்வியில் ஒன்றைக்கூட ஒழுங்காக அடைக்காது.

லாஸ் வேகாஸில் நடக்கும் போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் 839 பேர் ஆடினார்கள், 2024இல் 10,112 பேர். இரண்டு வருடமும் கட்டணம் அதே 10,000 டாலர். ஆனால் சராசரி ஆளுக்கு முதலிடத்தின் வாய்ப்பு பன்னிரண்டில் ஒரு பங்காகிவிட்டது. 2024இல் பணம் கிடைத்தது 1,517 பேருக்கு. கடைசியில் நின்றவர்களுக்கு 15,000 டாலர், முதலிடத்துக்கு ஒரு கோடி டாலர். ஒரே கட்டணம் என்பதற்காக இரண்டையும் ஒரே அளவு பேங்க்ரோல் வைத்து ஆட முடியுமா? முடியாது. ஒன்டாரியோ தளங்களில் மாகாணத்துக்குள் இருப்பவர்கள் எங்களுக்குள்ளேயே ஆடி வந்ததால் கூட்டம் சின்னது, வார நாட்களில் 22 டாலர் போட்டிக்கு எழுபது எண்பது பேர்தான். அது எங்களுக்குப் பெரிய வசதி என்பதைப் பலர் கவனிப்பதில்லை, பரிசுத் தொகை சின்னதாக இருக்கிறது என்று குறைதான் படுகிறார்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, நிலையான எண்ணிக்கை. 2,000 டாலரை ஐம்பதால் வகுத்தால் 40, அதற்குள் அடங்குவது 33 டாலர் போட்டி. நூறால் வகுத்தால் 20, கிட்டத்தட்ட 22 டாலர் போட்டி. இருநூறால் வகுத்தால் 11 டாலர் போட்டிகூடக் கொஞ்சம் அதிகம். எளிது, யாருக்கும் புரியும். கூட்டம் நூறுக்குள் இருந்தால் ஐம்பது பை-இன் தாக்குப்பிடிக்கும், ஐந்நூறைத் தாண்டினால் நூறுக்குக் கீழே நான் போகமாட்டேன், ஆயிரக்கணக்கில் போனால் இருநூறும் போதாமல் போகும் காலம் வரும். இந்த வழியின் பலவீனம் ஒன்றே ஒன்று: ஆரம்பத்தில் ஒரு முறை வகுத்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். 2,000 என்பது 1,200 ஆன பிறகும் கை பழக்கத்தில் அதே 33க்குப் போகும்.

இரண்டாவது வழி, சதவீதம். போக்கர் ஆட்டக்காரர் கிறிஸ் ஃபெர்குசன் 2006இல் ஆரம்பித்த சவாலை இதற்கு எல்லோரும் சொல்வார்கள். கையில் ஒரு டாலரும் இல்லாமல், கட்டணமில்லாப் போட்டிகளில் தொடங்கி, 10,000 டாலர் வரை கொண்டுபோவது அவர் திட்டம். ஒரு கேஷ் மேசைக்கோ ஒற்றை மேசைப் போட்டிக்கோ கையிருப்பில் 5 சதவீதத்துக்கு மேல் கட்டக் கூடாது, பல மேசைப் போட்டிக்கு 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பது அவர் போட்டுக்கொண்ட விதி. மிகச் சின்னத் தொகைக்கு மட்டும் விலக்கு வைத்திருந்தார், இல்லாவிட்டால் ஆரம்பிக்கவே முடியாது. ஆரம்ப மாதங்களில் திரும்பத் திரும்பப் பூஜ்யத்துக்கு வந்தார், மொத்தத்தில் ஏறக்குறைய ஒன்றரை வருடத்தில் முடித்தார். அந்த மனிதர் நடத்திய நிறுவனத்தைப் பற்றிப் பின்னால் வந்த சர்ச்சைகள் வேறு கதை, விதி நல்ல விதி.

2 சதவீதமும் ஐம்பது பை-இன்னும் முதல் நாளில் ஒரே எண்தான், 2,000க்கு 40 டாலர். வித்தியாசம் சரிவில் தெரியும். 35 பை-இன் நஷ்டம் வருகிறது என்று வையுங்கள், ஒரே மூச்சில் வராது, நூற்றைம்பது போட்டிகளுக்குள் பரவி வரும். நிலையாக 40 கட்டியவரிடம் 600 மிச்சம். ஒவ்வொரு முறையும் இருப்பதில் 2 சதவீதம் கட்டியவரிடம் 986 டாலர் மிச்சம். இதற்கு அவர் கொடுக்கும் விலை, மேலே ஏறுவது மெதுவாக இருக்கும், ஏனென்றால் சரிந்த பிறகு அவர் ஆடுவது சின்னப் போட்டி, அதில் ஜெயித்தாலும் கிடைப்பது சின்னப் பணம். இன்னொரு சங்கடம், தளங்களில் கட்டணம் 5.50, 11, 22, 33, 55, 109 என்று படிக்கட்டு மாதிரிதான் இருக்கும், 27 டாலர் 40 சென்ட் போட்டி என்று ஒன்று கிடையாது. அதனால் சதவீதத்தைத் துல்லியமாகப் பின்பற்ற முடியாது, படி ஏறுவதும் இறங்குவதுமாக அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி, அவ்வப்போது மேலே எகிறிப் பார்ப்பது. எல்லோருக்கும் பிடித்த வழி இது, எனக்கும் பிடித்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் 212 பேர் ஆடிய 33 டாலர் போட்டியை ஜெயித்தேன், 1,400 டாலர் வந்தது, கையிருப்பு 3,100 ஆனது. அடுத்த நாளே 109 டாலர் போட்டிகளுக்குப் போய்விட்டேன். மூன்று வாரம் கழித்து 920 டாலர் இருந்தது. என் நோட்டில் பார்த்தேன், தேதி, போட்டி, எத்தனை பேர், எத்தனையாவது இடம் என்று கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தேன், பன்னிரண்டு வரி இருந்தது. பன்னிரண்டு முறை 109 என்றால் 1,308தானே, 2,180 எப்படிப் போனது என்று தளத்தின் கணக்கு அறிக்கையைத் திறந்தேன். அதில் இருபது வரி. தோற்று வெளியேறியதும் அதே கட்டணத்தை மறுபடி கட்டி அதே போட்டிக்குள் நுழைந்த எட்டு முறையை நான் எழுதவே இல்லை. வெளியேறிய உடனே திரையில் வரும் அந்தப் பொத்தானை அழுத்துவதை என் மனது தனிப் போட்டியாக எண்ணவில்லை, அதே போட்டியின் தொடர்ச்சி என்றே நினைத்திருக்கிறது. அன்றிலிருந்து நோட்டில் ஒரு வரிக்குப் பதில் ஒவ்வொரு நுழைவுக்கும் ஒரு வரி எழுதுகிறேன், மறுபடி நுழைந்தால் சிவப்புப் பேனா.

ஆகவே 55 டாலர் போட்டி என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். அதில் நீங்கள் வழக்கமாக இரண்டு முறை நுழைவீர்கள் என்றால் அது 110 டாலர் போட்டி, உங்கள் பேங்க்ரோலும் அந்தக் கணக்குக்குத்தான் இருக்க வேண்டும்.

எகிறிப் பார்ப்பதே தப்பு என்று சொல்லவில்லை. எவ்வளவு காசோடு போகிறோம், எந்தத் தொகையில் திரும்பி வருகிறோம் என்று போவதற்கு முன்பே எழுதி வைத்தால் அது நல்ல வழிதான். உதாரணமாக, 2,600 டாலர் சேர்ந்ததும் மூன்று முறை மட்டும் 55 டாலர் போட்டி, மறுபடி நுழைவது இல்லை, மூன்றும் போனால் 2,435 டாலரோடு பழைய இடத்துக்குத் திரும்புவது. இதில் சேதம் சின்னது. நான் செய்ததில் திரும்பி வரும் இடமே இல்லை.

நான்காவது, சேட்டலைட். சின்னக் கட்டணம் கட்டி, ஜெயித்தால் பெரிய போட்டிக்கு இடம். இதைப் பிரபலமாக்கியவர் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர்; 2003இல் இணையத்தில் 86 டாலர் சேட்டலைட்டில் ஆரம்பித்து, நான் மேலே சொன்ன அந்த 839 பேர் போட்டியை ஜெயித்து 25 லட்சம் டாலர் வாங்கினார். சேட்டலைட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, இடம் கிடைத்தவர்கள் எல்லோருக்கும் ஒரே பரிசு என்பதால் ஏற்ற இறக்கம் குறைவு. பத்துப் பேருக்கு ஓர் இடம் என்றால் பத்தில் ஒரு முறை நடக்கக்கூடிய காரியம் அது. ஆனால் தம்பியைப் போன்றவர்கள் தவறவிடும் ஒன்று இருக்கிறது: 55 டாலர் கட்டி 500 டாலர் இடம் கிடைத்தால், அது காசாகக் கிடைக்குமா, இடமாக மட்டும்தான் கிடைக்குமா? காசாகக் கிடைத்தால் வாங்கிப் பையில் போடுங்கள். இடமாக மட்டும் என்றால், 2,000 டாலர் ஆள் ஒருவர் தன் கையிருப்பில் கால் பங்கு மதிப்புள்ள ஒன்றை ஒரே நாளில், தன்னைவிடப் பலமான மேசையில் வைத்து ஆடுகிறார் என்று அர்த்தம். வருடத்தில் ஒரு முறை, ஒரு பயணமாக, ஆசைக்காகச் செய்யலாம். மாதா மாதம் செய்தால் அது சேட்டலைட் என்ற பெயரில் 500 டாலர் போட்டி ஆடுவதுதான்.

ஐந்தாவது, பங்கு விற்பது. மணிமேக்கரும் தன் ஆட்டத்தில் ஒரு பகுதியைத் தன் தந்தைக்கும் நண்பர் ஒருவருக்கும் விற்றிருந்தார். 550 டாலர் போட்டிக்கு 60 சதவீதத்தை நண்பர்களிடம் விற்றால் அவர்கள் 330 தருவார்கள், உங்கள் கையிலிருந்து 220. ஐயாயிரம் வந்தால் மூவாயிரம் அவர்களுக்கு, இரண்டாயிரம் உங்களுக்கு. நன்றாக ஆடுகிறவர்கள் கொஞ்சம் கூட்டி விற்பார்கள், 1.1 மடங்கு என்றால் அதே 60 சதவீதத்துக்கு 363 டாலர். நிரூபணம் இல்லாதவர்கள் கூட்டிக் கேட்கக் கூடாது, அது நண்பனின் காசு. கணக்குப்படி பார்த்தால் பெரிய போட்டிகளுக்கு இதுதான் மிகச் சரியான வழி, 550 டாலர் போட்டியை 220 டாலர் போட்டியாக மாற்றிவிடுகிறது. நடைமுறையில் இது கெடுவது வாய்ப்பேச்சில். கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு “எனக்கு ஒரு பத்து பர்சன்ட் போடுடா” என்று ஒருவர் சொல்வார், காசு தரமாட்டார், நீங்களும் கேட்கமாட்டீர்கள். தோற்றால் அந்தப் பேச்சே நடக்கவில்லை, ஜெயித்தால் அவருக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கும். எங்கள் கூட்டத்தில் இப்படி ஒரு நல்ல நட்பு முறிந்ததைப் பார்த்திருக்கிறேன். ஊரில் சீட்டுப் பிடிக்கிறவர்கள் நோட்டில் பெயர், தொகை, தேதி எழுதிக் கையெழுத்து வாங்குவார்களே, அதே ஒழுங்கு இங்கேயும் வேண்டும். போட்டி ஆரம்பிப்பதற்கு முன் காசு கைக்கு வராவிட்டால் பங்கு இல்லை, முடிந்தது. மறுபடி நுழைந்தால் அதற்கும் அவர்கள் பங்கு தருகிறார்களா என்பதையும் முன்னாலேயே எழுதிவிடுங்கள்.

இதன் நீண்டகால வடிவம் ஒன்று உண்டு, ஒருவர் உங்கள் எல்லாப் போட்டிக்கும் காசு போட்டு லாபத்தில் பாதி எடுத்துக்கொள்வது. நஷ்டம் அடைபடும் வரை உங்களுக்குப் பங்கு வராது. வேலைக்குப் போகும் ஆளுக்கு இது தேவையே இல்லை என்று நினைக்கிறேன், விளையாட்டுக்குப் போய் இன்னொரு முதலாளியைத் தேடிக்கொள்வது எதற்கு?

ஆறாவது வழியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம்: மாதம் ஒரு தொகையை இதில் சேர்ப்பது. போக்கரையே தொழிலாக வைத்திருப்பவருக்கு பேங்க்ரோல் போனால் தொழில் போயிற்று, அதோடு வாடகையும் அதிலிருந்துதான் போக வேண்டும், அதனால் அவர் இருநூறு, முந்நூறு பை-இன் வைத்திருப்பார். அவருடைய எண்ணை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. சினிமா, கிரிக்கெட் கிளப் சந்தா மாதிரி மாதம் 100 டாலர் இதற்கு ஒதுக்க முடிந்தவர் நாற்பது ஐம்பது பை-இன்னோடு தைரியமாக ஆடலாம், சரிந்தால் வருடத்துக்கு 1,200 டாலர் உள்ளே வரப்போகிறது. ஒரே நிபந்தனை, அந்த 100 என்பது தேதி வைத்து வர வேண்டும். தோற்ற இரவில் வரக் கூடாது. இங்கே உரிமம் பெற்ற தளங்களில் எவ்வளவு காசு போடலாம் என்று நாமே உச்சவரம்பு வைக்கும் வசதி இருக்கிறது, அதை மாதம் 100 என்று வைத்துவிட்டால் நள்ளிரவு ஒரு மணிக்கு நமக்கு நாமே வாதாட வேண்டிய வேலை இல்லை.

நேரில் கேசினோவில் ஆடுவதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சின்னக் கட்டணத்துப் போட்டிகளில் கேசினோ எடுத்துக்கொள்ளும் பங்கு இணையத்தைவிட மிக அதிகம், இருபது சதவீதம்கூடப் போகும், பெட்ரோலும் சாப்பாடும் தனி. ஆனால் எதிரே ஆடுகிறவர்கள் பலம் குறைந்தவர்கள், ஒரு நாளில் ஒரு போட்டிதான் ஆட முடியும். பேங்க்ரோல் கணக்கில் அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று கேட்டால், பயணச் செலவையும் பை-இன்னில் கூட்டிச் சேருங்கள் என்பேன்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். அவனுக்கு வேலை இருக்கிறது, மாதம் 100 போட முடியும், வார நாள் போட்டிகளில் கூட்டம் சின்னது. அதனால் சதவீத முறையைப் படிக்கட்டாக்கி, மாதச் சேர்ப்போடு இணைத்து ஆடுவதுதான் அவனுக்குச் சரி. வார நாட்களில் 22 டாலர். 1,500க்குக் கீழே போனால் 11 டாலருக்கு இறங்க வேண்டும், 2,000 தொட்டால் மறுபடி 22. 3,300 வந்தால் 33. இறங்கும் எண்ணும் மறுபடி ஏறும் எண்ணும் வேறு வேறாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் நாலு முறை ஏறி இறங்கிக்கொண்டிருப்பான். ஞாயிறு 55 டாலர் போட்டிக்கு நானூறு பேர் வருவார்கள், அதனால் அது மாதம் ஒரு முறை, ஒரே ஒரு நுழைவு. சேட்டலைட், பங்கு விற்பது இரண்டும் இந்த வருடம் வேண்டாம், முதலில் 200 போட்டியாவது நோட்டில் ஏறட்டும், தான் ஜெயிக்கும் ஆளா என்பது அதற்கு முன் அவனுக்கே தெரியாது.

எண்களைப் பார்சல் லேபிள் ஒன்றின் பின்பக்கம் எழுதித் தன் லாக்கர் கதவின் உள்ளே ஒட்டிக்கொண்டான். அந்த வாரம் ஒரு 22 டாலர் போட்டி ஆடினான், ஒன்றும் வரவில்லை. ஞாயிறு 55 ஆடினான், முதல் ஒரு மணி நேரத்திலேயே வெளியேறினான். மறுபடி நுழையச் சொல்லி வந்த பொத்தானை மூடிவிட்டு எனக்குப் போன் பண்ணினான். “அண்ணே, ஆயிரத்து தொள்ளாயிரத்து இருபத்து மூணு இருக்கு. நாளைக்கு இருபத்திரெண்டுதானே?” இருபத்திரண்டுதான் என்றேன்.